தேதி அறிவித்தால் சரக்கு வந்துவிடுமா?

கேள்வி: பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறேன். பெரிய பார்டர் டிசைனைத் திறந்தாலே என் கம்ப்யூட்டர் திணறுகிறது. புதிய பிராசஸர் வரும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பிக் காத்திருக்கிறேன். தேதி தள்ளிக்கொண்டே போகிறது. இன்னும் பொறுத்திருக்கலாமா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: வேண்டாம் சகோதரி. ஐந்து ரோடு பக்கம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். முகூர்த்த மாத ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ அறிவித்த தேதிக்காக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

தேதி ஏன் தள்ளிப்போகிறது? ஒரு சிலிக்கான் தகடு நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து சிப்பாக வெளிவரச் சுமார் மூன்று மாதம் ஆகும். அதை வெட்டிச் சோதிக்கும்போது தேறுபவை குறைவாக இருந்தால், விற்றுக் கட்டுப்படியாகாது. முறையைத் திருத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். பிராசஸர் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தின் 10 நானோமீட்டர் என்ற புதிய தலைமுறை சிப்புகள் 2016 வாக்கில் வந்திருக்க வேண்டியவை. லேப்டாப்புகளுக்குத் தாராளமாகக் கிடைத்தது 2019-இல்தான். மேசைக் கம்ப்யூட்டருக்கு வந்தபோது 2021 முடியப்போகிறது. அதற்காகக் காத்திருந்தவர் எத்தனை தீபாவளியைத் தவறவிட்டிருப்பார்! இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியும் 2024-இல் ரைசன் 9000 என்ற பிராசஸர் வரிசையை ஜூலை 31-லிருந்து ஆகஸ்டுக்குத் தள்ளியது. முதலில் தயாரானவை எதிர்பார்த்த தரத்தில் இல்லை என்பதே காரணம். அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

பொறுத்தால் விலை இறங்கும் என்றும் நம்பாதீர்கள். ஏஐ சர்வர்களுக்கான நினைவகம் (மெமரி) தயாரிப்பதில் ஆலைகள் இறங்கிவிட்டதால், 2025 கடைசியில் நம் கம்ப்யூட்டரில் போடும் மெமரியான ராமின் விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குருசியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது.

உங்களுக்குப் புதிய பிராசஸரே தேவைப்படாமலும் இருக்கலாம். எந்தப் பாகம் எவ்வளவு திணறுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை விண்டோஸில் திறந்து வைத்துக்கொண்டு, உங்களிடமுள்ள மிகப் பெரிய டிசைனைத் திறந்து பாருங்கள். மெமரி நிரம்பி நின்றால் ராம் போதவில்லை. டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தைப் போடுங்கள். சிபியூ, அதாவது பிராசஸர், மட்டும் உச்சத்தில் நின்றால்தான் பிராசஸர் பேச்சு. அப்போதும் இன்று கடையில் இருப்பதையே வாங்குங்கள். எதைக் கழற்றுவதற்கு முன்பும் டிசைன்களை இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். ஒரு கட்டம் அழிந்தாலும் தறியில் பூவின் இதழ் உடைந்துதான் விழும். அது நெசவாளரின் கூலியில் போய் முடியும்.

கேள்வி: புது மாடல் வந்த அன்றே வாங்கவேண்டும் என்று மகன் அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: இரண்டு மூன்று மாதம் போகட்டும். 2011 ஜனவரியில் இன்டெல் புதிய பிராசஸர்களை வெளியிட்டது. அவற்றுக்கான சிப்செட்டில் (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்க மதர்போர்டில் இருக்கும் சிப்), டிஸ்க் இணைக்கும் சில போர்ட்டுகள் நாளடைவில் பழுதாகக்கூடும் என்று அந்த மாதக் கடைசியிலேயே தெரிந்து, சரக்கனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் வாங்கியவர்கள் மதர்போர்டை மாற்ற அலைந்தார்கள். நீங்கள் மலையில் இருக்கிறீர்கள். ஒவ்வொரு பழுதுக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறவேண்டும். வாங்கும்போது, வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் உத்தரவாதம் ஏற்காட்டுக்கும் உண்டா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.