கீழே ஆறு பல் மிச்சமிருக்கும்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழு செட் போடலாமா, பார்ஷியல் (இல்லாத பற்களுக்கு மட்டும் கழற்றி மாட்டுகிற செட்) போதுமா?

அம்மாவுக்கு மேல்வரிசையில் பல்லே இல்லை, கீழே முன்பற்கள் ஆறு மட்டும் இருக்கின்றன, அதில் ஒன்று லேசாக ஆடுகிறது, "எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரேயடியா முழு செட் போட்டுடலாம்" என்று வீட்டில் சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். எடுக்க விடாதீர்கள். மற்றவை போனாலும் இரண்டு கோரைப்பற்களையாவது காப்பாற்றுங்கள்.

நான் டாக்டர் இல்லை, லேபில் செட் செய்கிற டெக்னீஷியன். வாயைப் பார்க்காமல் எப்படிச் சொல்லலாம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எக்ஸ்ரே பார்த்தவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்குகிற பல்லை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பக்கவாட்டில் லேசாக ஆடுவது வேறு விஷயம், ஈறு சிகிச்சையில் பல நேரம் அது நின்றுவிடும்.

மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடுகிறது. இடையில் மெல்லிய எச்சில் படலம், சுற்றிலும் காற்றுப் புகாத ஓரம் என்று பெரும்பாலும் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். கீழ் செட்டோ லாடம் மாதிரி. உட்காரும் பரப்பு குறைவு, நடுவில் நாக்கு ஓயாமல் தள்ளுகிறது. போதாததற்கு, பல் எடுத்த இடத்தில் எலும்பு கரையும். முதல் வருடம் வேகமாக, பிறகு மெதுவாக ஆயுள் முழுக்க. கீழ்த்தாடையில் இந்தத் தேய்மானம் மேல்தாடையைப் போலச் சுமார் நான்கு மடங்கு. சர்க்கரை நோயாலோ மாத்திரைகளாலோ வாய் உலர்பவர்களுக்குப் பிடிமானம் இன்னும் மோசம். "முழு செட் போட்டால் தொல்லை விட்டது" என்பவர்கள் கீழ் செட் போட்டுக்கொண்டு முறுக்கு கடித்துப் பார்க்கட்டும்.

ஆகவே மேலே முழு செட், கீழே பார்ஷியல். எந்தப் பார்ஷியல் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். அக்ரிலிக் பார்ஷியல் விலை குறைவு. ஆனால் ஈறின் மேல் மட்டுமே உட்காரும், மெல்ல மெல்ல அமுங்கி மிச்சப் பற்களின் ஈறை உரித்துவிடும். தற்காலிகமாக ஓகே. கோபால்ட் குரோமியத்தில் வார்க்கிற காஸ்ட் பார்ஷியலில் பல்லின் மேல் தாங்கி நிற்கும் 'ரெஸ்ட்' உண்டு. கோரைப்பல்லின் உள்பக்கம் அதற்கென்று சின்னப் பள்ளம் வெட்ட வேண்டும். அது வெட்டாமல் அளவு அனுப்பினால் நாங்கள் என்ன செய்தும் பயனில்லை. பல்லைப் பிடித்துக்கொள்ளும் கொக்கியின் நுனி பல்லின் சரிவில் கால் மில்லிமீட்டர் இறங்கினால் போதும், அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பல்லை இழுக்கும். நாக்குப் பக்கம் ஓடும் கம்பிக்கு ஈறு ஓரத்திலிருந்து வாயின் அடித்தளம் வரை 7 அல்லது 8 மி.மீ. இடம் வேண்டும். இல்லையென்றால் பட்டையாகத் தகடு.

ஃபிளெக்ஸிபிள் என்று இளஞ்சிவப்பில் வளைகிற ஒன்றைக் காட்டுவார்கள். ஒன்றிரண்டு முன்பல்லுக்குச் சரி. உங்கள் அம்மாவைப் போல இரண்டு பக்கமும் கடைவாய்ப்பல் இல்லாதவர்களுக்கு வேண்டாம். தாங்க ரெஸ்ட் கிடையாது, பிறகு அடிப்பக்கம் நிரப்பி ரீலைன் செய்வதும் கஷ்டம்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கவில்லை. கீழே சொந்த முன்பற்கள், மேலே முழு செட் என்றால், முன்பற்களாலேயே கடித்துக் கடித்து மேல் முன்பக்க எலும்பு கரைந்து ஈறு தொளதொளவென்று ஆகிவிடும். 1972-இல் கெல்லி என்பவர் இதை விவரமாக எழுதினார். கீழ்ப் பார்ஷியலை டப்பாவில் போட்டுவிட்டு மேல் செட்டை மட்டும் மாட்டிக்கொள்பவர்களுக்கு இது வேகமாக வரும். கடைவாய்ப் பக்கம் சரியாக முட்டுகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்து, அமுங்கியிருந்தால் ரீலைன் செய்ய வேண்டும்.

நடுவிலுள்ள நான்கும் தேறாது என்றால், இரண்டு கோரைப்பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்து, ஈறுக்கு மேல் 1 அல்லது 2 மி.மீ. விட்டு வெட்டி, அதன்மேல் முழு செட்டை உட்காரவைக்கலாம். வேர் இருக்கும்வரை அங்கே எலும்பு அவ்வளவாகக் கரையாது. ஃபுளோரைடு பேஸ்ட் போட்டுத் துலக்காவிட்டால் அந்த வேர்கள் சொத்தையாகும். எதுவுமே மிஞ்சாதவர்களுக்குக் கீழே முன்பக்கம் இரண்டு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்து அதில் மாட்டும் செட்தான் முதல் தேர்வு என்று 2002-லேயே மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள்.

முழு செட்டுக்கு வழக்கமாக ஐந்து முறை போக வேண்டியிருக்கும்: முதல் அளவு, ஓரங்களோடு இரண்டாவது அளவு, மெழுகு வைத்துக் கடி, மெழுகு ட்ரையல் (பற்களை மெழுகில் அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்பது), மாட்டுவது. மாட்டிய மறுநாள் புண்பட்ட இடத்தைத் தேய்த்துக் கொடுக்கப் போக வேண்டும், வீட்டில் உப்புத்தாள் எடுக்காதீர்கள். "கழற்றவே வேண்டாம்" என்று பக்கத்துப் பற்களோடு கம்பி கட்டி அக்ரிலிக் ஒட்டும் தெருவோரக் கடைகள் இன்றும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எழுபது வயதுக்காரருக்கு மகனும் மருமகளும் பல் நிற அட்டையில் மிக வெளிறிய நிறங்களில் ஒன்றான பி1 வெள்ளை கேட்கிறார்கள். செட் வந்ததும் "செயற்கையாத் தெரியுது" என்று லேபைத் திட்டுகிறார்கள். நிறத்தையும் பல் அளவையும் மெழுகு ட்ரையலிலேயே, பகல் வெளிச்சத்தில், கண்ணாடியைக் கொடுத்து அம்மாவையே பார்க்கச் சொல்லுங்கள். மெழுகில் இருக்கும்வரை எந்தப் பல்லையும் மாற்றித் தருவோம். அக்ரிலிக் வெந்த பிறகு செட்டையே திரும்பச் செய்ய வேண்டும்.