சதுரத்துக்கு எதற்கு வீதி?

தாராபுரம் பக்கத்திலிருந்து மே மாதம்தான் கேரளத்தில் பாலக்காடு பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தோம், வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை, ஊரில் கணக்கில் முதல் மார்க் வாங்கிய பையன் இங்கே ஆறாம் வகுப்பு மலையாள மீடியத்தில் ஓணப் பரீட்சையில் 9 மார்க்தான் வாங்கியிருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள் தங்கச்சி. எந்த டியூசனுக்கு அனுப்புவது, தமிழ் மீடியத்துக்கு மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

டியூசனுக்குப் பணம் கட்டும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் கணக்குப் பேப்பரை எடுத்து, பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவனுக்கு என்ன புரிந்தது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுக்கிறது என்று அப்போது தெரியும்.

நான் உடுமலைக்காரி. 2009இல் நாங்கள் இங்கே வந்தபோது என் மகள் நாலாவது முடித்திருந்தாள். ஐந்தாம் வகுப்பில் அவளும் கணக்கில் விழுந்தாள். பதறிப்போய் ஒரு டியூசன் சென்டரில் சேர்த்தேன். ஒரே ஹாலில் இருபது முப்பது பிள்ளைகள். போர்டில் இருக்கும் விடையைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவாள். மூன்று மாதம் பணம் கட்டினேன், மார்க் ஏறவில்லை. பிள்ளைக்கு மூளை மங்கிவிட்டதோ என்று ராத்திரி அழுதிருக்கிறேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டுச் சேச்சி அவள் பேப்பரை வாங்கிப் பார்த்தார். ‘ஒரு சதுரத்தின்றெ நீளம் 12 செ.மீ., வீதி 8 செ.மீ., பரப்பளவு எத்ர?’ என்று கேள்வி. இவள் 12ஐ 12ஆல் பெருக்கி 144 என்று எழுதியிருந்தாள். பெருக்கல் சரி. ஏன் இப்படிப் போட்டாய் என்று கேட்டதற்கு, “சதுரம்னா நாலு பக்கமும் ஒண்ணுதானே? வீதின்னா தெருதானே, சதுரத்துக்கு எதுக்கு வீதின்னு விட்டுட்டேன்” என்றாள். சேச்சி அவளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். மலையாளக் கணக்குப் புத்தகத்தில் சதுரம் என்றால் நம் செவ்வகம். நம் சதுரத்துக்கு அங்கே சமசதுரம் என்று பெயர். வீதி என்றால் அகலம். விடை 96.

பெரியவர்கள் நாம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஹரணம் (வகுத்தல்), குணனம் (பெருக்கல்), வியவகலனம் (கழித்தல்) போன்ற தெரியாத சொற்களைப் பிள்ளை எப்படியும் கேட்டுத் தெரிந்துகொள்வான். தெரிந்த மாதிரியே இருக்கும் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். அவசரம் என்றால் மலையாளத்தில் வாய்ப்பு. உத்தரம் என்றால் விடை. சுற்றளவும் பரப்பளவும் மட்டும் நமக்கு உள்ளபடியே இருக்கின்றன, அந்த வரைக்கும் நிம்மதி.

சேச்சி சொல்லித்தான் ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டோம். இடப்பக்கம் பாடத்தில் வரும் மலையாளச் சொல், வலப்பக்கம் தமிழ். தினம் ஐந்தாறு சொல், அதற்கு மேல் வேண்டாம். உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பாடப்புத்தகம் தயாரிக்கும் அரசு அமைப்பான கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. இதே பாடப்புத்தகங்களைத் தமிழிலும் போடுகிறது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆறாம் வகுப்புக் கணக்கையும் அறிவியலையும் தமிழில் இறக்கி, மலையாளப் புத்தகத்துக்குப் பக்கத்தில் விரித்து வையுங்கள். ஒரே பாடம் என்பதால் பையன் தானே ஒப்பிட்டுப் பிடித்துக்கொள்வான்.

இந்தியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதையும் பாருங்கள். இங்கே ஐந்தாம் வகுப்பிலேயே இந்தி தொடங்கிவிடுகிறது. உங்கள் பையன் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவன் என்றால் மலையாளம், இந்தி என இரண்டு எழுத்தை ஒரே சமயத்தில் பழக வேண்டும். அது அவனுக்கு நிஜமாகவே பாரம். ஆறு மாதமாவது மார்க்கைச் சொல்லித் திட்டாதீர்கள் கண்ணு.

அப்புறம், வகுப்பு டீச்சரிடமே காசு கொடுத்து டியூசன் வைக்க நினைக்காதீர்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனி டியூசன் எடுப்பதைத் தடுக்கிறது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, பிள்ளைக்குத் தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பதை ஆசிரியரின் கடமையாகவே வைத்திருக்கிறது. அதனால் கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல், “டீச்சரே, இவனுக்குக் கணக்கு தெரியும், கேள்விதான் புரியவில்லை” என்று அந்தப் பேப்பரைக் காட்டிச் சொல்லுங்கள். கிளாஸ் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர்) கூட்டத்தை ஒன்றுகூட விடாதீர்கள். மலையாளம் பேச வராது என்று நான் முதல் வருசம் போகாமல் இருந்துவிட்டேன், அது பெரிய தப்பு. இந்தப் பக்கம் நாம் தமிழில் பேசினால் புரிந்துகொள்ள ஆள் இருப்பார்கள்.

டியூசன் வைத்தே ஆக வேண்டும் என்றால், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்த காலேஜ் பிள்ளை யாராவது உங்கள் தெருவிலேயே இருக்கும். வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் போதும். இரண்டு மொழியிலும் யோசிக்கத் தெரிந்தவர் ஒருவர் கிடைத்தால் பெரிய சென்டர் எதுவும் வேண்டாம்.

மீடியம் மாற்றுவதைப் பற்றி என் எண்ணம் இதுதான். சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் வகுப்புகள் இருக்கின்றன, எஸ்.எஸ்.எல்.சி.யும் தமிழில் எழுதலாம். அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருசத்தில் ஊர் திரும்புவதாக இருந்தால் இந்த வருசமே மாற்றிவிடுங்கள். டி.சி. வரத் தாமதமானாலும் எட்டாம் வகுப்பு வரை அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. இங்கேயே இருப்பீர்கள் என்றால் கிறிஸ்துமஸ் பரீட்சை வரைக்கும் பொறுங்கள். எந்த மீடியமாக இருந்தாலும் பிளஸ் ஒன் வந்தால் பாடம் ஆங்கிலம்தான், அதனால் எட்டாவதிலிருந்தே நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு ஆங்கிலச் சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, எழுத்துத் தேர்வில் பாடத்துக்குப் பாடம் 30 சதவீதம் வேண்டும் என்று 2024-25இல் எட்டாம் வகுப்பில் தொடங்கினார்கள், 2025-26 முதல் ஐந்திலிருந்து ஒன்பது வரை வைத்திருக்கிறார்கள். குறைந்தால் கோடை விடுமுறையில் தனி வகுப்பும் மறுதேர்வும் உண்டு. ஆறாவது படிக்கும் உங்கள் பையனுக்கும் இது உண்டு, அதனால் இப்போதே தொடங்குங்கள்.

மகளின் அந்தக் கோடு போட்ட நோட்டு இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. முதல் பக்கத்திலேயே சதுரம், வீதி இரண்டும் சிவப்பு மையில் இருக்கும். புத்தகங்கள் மாறியிருந்தாலும் கணக்குச் சொற்கள் அதேதான். நானும் கொழிஞ்சாம்பாறையில்தானே இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த 9 மார்க் பேப்பரையும் கொண்டு வாருங்கள், மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.