சுக்கோயும் செம்பனையும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் பட்டர்வொர்த் பையன், பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் டிப்ளோமா முடிக்கப் போறேன். போன லீமாவுக்கு, அதான் அந்த விமானம், போர்க்கப்பல் கண்காட்சிக்கு, கூட்டாளிங்களோட லங்காவி போயிருந்தேன். அங்க கொரியாக்காரங்க இடத்துல யூனிபார்ம் போட்ட அதிகாரியும் கம்பெனி ஆளும் ஒரே மேசையில நின்னு விமானத்த பத்தி வெளக்கிட்டு இருந்தாங்க, யாரு அரசாங்கம் யாரு கம்பெனின்னே தெரியல. ஒரு கவர்மெண்ட் இப்படி கம்பெனிக்கு சேல்ஸ்மேன் வேலை பாக்கறது சரியா அக்கா? நம்ம நாடும் ஒரு நாள் இப்படி விக்குமா? எனக்கு விமான பாகம் செய்யற கம்பெனியில வேலை கெடைக்கிற மாதிரி இருக்கு, டிபென்ஸ் ஆர்டரும் எடுப்பாங்களாம். அம்மா ஆயுத சம்பந்தமே வேணாங்குறாங்க. எனக்கும், காசு குடுத்தும் வராத லூமுட் போர்க்கப்பல் கதையெல்லாம் பாத்துட்டு, இது மேல உள்ளவங்க சமாச்சாரம், நம்ம ஆளுங்களுக்கு இதுல என்ன இருக்குன்னுதான் தோணுது.

க., பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

பெர்காவ் அணைக்கட்டு கேஸ் பத்தின பழைய பேப்பருங்கள எடுத்து வச்சி படிச்சிட்டு இருந்த நேரத்துல உன் கடிதம் வந்துச்சு, அதான் மத்த கடிதத்தையெல்லாம் தள்ளி வச்சிட்டு உனக்கு மொதல்ல எழுதறேன்.

சேல்ஸ்மேன் வேலை சரியான்னு கேக்குற. இது நேத்து ஆரம்பிச்சது இல்லப்பா. 1966லயே பிரிட்டன்ல டெனிஸ் ஹீலி பாதுகாப்பு மந்திரியா இருந்தப்ப ஆயுதம் விக்கறதுக்குன்னே மினிஸ்ட்ரிக்குள்ள ஒரு பிரிவு தொறந்தாங்க, அதுக்கு தலைவரா அரசாங்க ஆபிசர போடல, ரேக்கால்னு ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிய நடத்திக்கிட்டிருந்த ரேமண்ட் பிரவுன கொண்டாந்து ஒக்கார வச்சாங்க. அமெரிக்காவுல எஃப்எம்எஸ்னு ஒரு வழி இருக்கு, வாங்குற நாடு அமெரிக்க அரசாங்கத்துக்கிட்டயே ஆர்டர் குடுக்கும், அரசாங்கம் கம்பெனிகிட்ட வாங்கி அனுப்பும். வாங்குறவங்களுக்கும் இதுதான் வேணும். போர் விமானம் வாங்கறது காடி வாங்கற மாதிரி இல்ல, முப்பது வருஷத்துக்கு ஸ்பேர் பார்ட்ஸ், ஏவுகணை, சாஃப்ட்வேர், பைலட் ட்ரெய்னிங் எல்லாத்துக்கும் அந்த நாட்டு அரசாங்கத்தோட லைசென்ஸ் வேணும், அதனால கம்பெனிக்காரன் வாய நம்பி யாரும் கையெழுத்து போட மாட்டாங்க, உன் மந்திரிய வரச் சொல்லும்பாங்க. அதனால நீ பாத்த அந்த ஒரே மேசைய பத்தி எனக்கு பெரிய அதிர்ச்சி இல்ல.

ஆனா அந்த மேசைக்கு எதிர்பக்கம் யாரு நிக்கிறான்னு நீ பாக்கவே இல்ல பாரு. அங்க நிக்கிறது நாம. மலேசியா. நான் பெர்காவ திரும்பத் திரும்ப படிக்கிறதே அதுக்குத்தான்.

1988ல பிரிட்டன் பாதுகாப்பு மந்திரி ஜார்ஜ் யங்கர் நம்ம அரசாங்கத்தோட ஒரு ஒப்பந்தம் போட்டாரு, மலேசியா நூறு கோடி பவுனுக்கு மேல ஆயுதம் வாங்கறது, அதுக்கு பக்கத்துலயே இவ்வளவு உதவிப்பணம் வரும்னு. உதவிப்பணத்தையும் ஆயுதத்தையும் இப்படி சேத்து வச்சது தப்புன்னு அவங்களுக்கே ஒறச்சி பிரிச்சி எழுதப் பாத்தாங்க, ஆனா பணம் வந்துச்சு. கிளந்தான்ல பெர்காவ் அணைக்கு 23 கோடியே 40 லட்சம் பவுனு. அவங்க உதவித்துறை அதிகாரிங்களே இது பொருளாதாரத்துக்கு ஒத்துவராத திட்டம்னு எழுதி வச்சிருந்தாங்க, பிரதமர் தாட்சர் அம்மா வாக்கு குடுத்துட்டாங்கன்னு நடந்துச்சு. நடுவுல நம்ம விமானப்படை பிரிட்டன்கிட்ட 28 ஹாக் விமானம் ஆர்டர் பண்ணிச்சு. 1994 நவம்பர்ல லண்டன் ஹைகோர்ட்டு அந்த உதவி சட்டப்படி செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. அந்தப் பக்கம் மந்திரி, உதவித்துறை, கம்பெனி எல்லாரும் ஒரே குரல்ல பேசியிருக்காங்க, அவங்க நாட்டு கோர்ட்டு அவங்க நாட்டு வரிப்பணத்துக்காக கேள்வி கேட்டுச்சு. நம்ம பக்கத்துலேர்ந்து பேசப் போனவங்க நம்ம பட்டறைக்கும் நம்ம புள்ளைங்களுக்கும் என்ன கேட்டாங்க, கேட்டதுல எது வந்து சேந்துச்சு? இந்த கணக்கத்தான் நான் வருஷக்கணக்கா தேடிட்டு இருக்கேன்.

கொரியாவ எடுத்துக்கோ. 1991ல அவங்களும் வாங்குற நாடுதான். அமெரிக்காகிட்ட 120 எஃப்-16 போர் விமானம் வாங்குனாங்க, எப்படி வாங்குனாங்கன்னு கவனி: 12 மட்டும் அங்கேர்ந்து முழுசா வந்துச்சு, 36 பாகம் பாகமா வந்து கொரியாவுல பூட்டுனாங்க, மிச்சம் 72 கொரியாவுலயே செஞ்சாங்க. அந்த டீல்ல கேட்டு வாங்குன தொழில்நுட்ப உதவியிலேர்ந்துதான் அமெரிக்க கம்பெனி லாக்ஹீட்டோட சேந்து டி-50ன்னு பயிற்சி விமானம் பொறந்துச்சு, 2002ல மொத தடவ பறந்துச்சு. நடுவுல 1997 பொருளாதார நெருக்கடி வந்தப்ப சாம்சுங், தேவூ, ஹுண்டாய் மூணோட விமானப் பிரிவையும் அரசாங்கம் புடிச்சி ஒண்ணா சேத்து 1999ல கேஏஐன்னு ஒரே கம்பெனி ஆக்குச்சு. எஃப்-16 செஞ்ச கைங்கதான் அடுத்த விமானத்தையும் செஞ்சுச்சு, நடுவுல வேற வேலைக்கு போகல. அதே டி-50யோட போர் வடிவம்தான் எஃப்ஏ-50. 2023 லீமாவுல அதுல 18ஐ 92 கோடி டாலருக்கு நாம வாங்க கையெழுத்து போட்டோம், இந்தியாவோட தேஜாஸும் அந்த போட்டியில இருந்துச்சு. போலந்துக்கு 2022லேர்ந்து டாங்கி, பீரங்கி, விமானம்னு வித்தப்ப கடன் குடுக்க பேங்க்ல எடம் பத்தலன்னு கொரியா பாராளுமன்றம் 2024ல எக்சிம்னு அவங்க அரசாங்க ஏற்றுமதி பேங்க்கோட மூலதன வரம்ப 15 டிரில்லியன் வொன்லேர்ந்து 25 டிரில்லியனா ஏத்துச்சு. நீ பாத்த அந்த மேசைக்கு பின்னால இவ்வளவு இருக்கு.

நாமளும் அதே காலத்துலதான் வாங்குனோம். ரஷ்யாகிட்ட 1994ல 18 மிக்-29, 2003ல 18 சுக்கோய், ரெண்டும் போர் விமானம். ரெண்டுலயும் ஒரு பங்கு காசுக்கு பதிலா செம்பனை எண்ணெய், அதான் பாமாயில்.

இப்ப உன் கடைசி வரிக்கு வரேன், கோவமாத்தான் வரேன். "நம்ம ஆளுங்களுக்கு இதுல என்ன இருக்கு"ன்னு எழுத உனக்கு எப்படி மனசு வந்துச்சு? உன் தாத்தா எந்த தோட்டம்? கேட்டுப் பாத்திருக்கியா? அந்த செம்பனை குலைய நீட்டு கத்தியில அண்ணாந்து வெட்டுனது யாரு, விடிகாலையில பெரட்டுக்கு நின்னு பேரு குடுத்துட்டு உதிரிப்பழம் பொறுக்குனது யாரு? எங்கம்மா பொறுக்குனாங்க. முள்ளு குத்தி நகக்கண்ணுல சீழ் வச்சி ராத்திரி மஞ்சள் பத்து போட்டுட்டு மறுநாளும் போனாங்க. அந்த எண்ணெய்தான் ரஷ்யாவுக்கு போச்சு. வானத்துல சுக்கோய் பறந்தா அதுல எங்கம்மா கூலி இருக்குன்னு நான் சொல்லுவேன், யாரும் என்னைய மறுத்துப் பேச முடியாது. வெல குடுத்தவங்க வீட்டுப் புள்ள நீ. உனக்கு என்ன இருக்குன்னு கேக்காத, எனக்கு சேர வேண்டியது எங்கன்னு கேளு.

சேர வேண்டியதுன்னா என்னன்னு எங்க சித்தப்பா கதைய சொன்னா வெளங்கும். தோட்டத்துலேர்ந்து வெளிய வந்து தொழில்திறன் பள்ளியில படிச்சி, சுபாங் பக்கம் ஒரு விமானப் பட்டறையில தகடு வேலைக்கு சேந்தாரு. பட்டறை பேரு வேணாம். தொண்ணூறுகள்ல ஏதோ ஒரு டீலோட ஆஃப்செட்ல, அதாவது விக்கிற கம்பெனி நம்ம நாட்டுக்கு திருப்பி செய்யணும்னு ஒத்துக்கிட்ட கடமையில, அவர வெளிநாட்டுக்கு ட்ரெய்னிங் அனுப்பிச்சாங்க. காம்போசிட் ரிப்பேர். கார்பன் ஃபைபர் தகட்டுல வெடிப்பு விட்டா எப்படி சுரண்டறது, எத்தன அடுக்கு எந்த கோணத்துல ஒட்டறது, எவ்வளவு சூட்டுல எவ்வளவு நேரம் வைக்கறதுன்னு பாதி தமிழ் பாதி மலாய்ல நோட்டு நோட்டா எழுதிட்டு வந்தாரு. வந்தவருக்கு அந்த வேலை செய்யற மிஷின் வரல. அடுத்த வருஷம் வரும்னாங்க. பழுதான பாகத்த பொட்டியில கட்டி திரும்ப வெளிநாட்டுக்கே ரிப்பேருக்கு அனுப்பிச்சாங்க, அந்த பொட்டிய எண்ணி கையெழுத்து போடற ஸ்டோர் வேலைக்கு சித்தப்பாவ போட்டாங்க. தனக்கு தெரிஞ்ச வேலைய பொட்டி கட்டி அனுப்பற வேலை! ரிட்டையர் ஆகற வரைக்கும் அந்த நோட்ட ஒருத்தர் கேட்டதில்ல. ஆனா தம்பி, காகிதத்துல அந்த ட்ரெய்னிங் நடந்தது நடந்ததுதான், விக்கிற கம்பெனி கணக்குல அது கிரெடிட்டா ஏறியிருக்கும்.

இந்த கிரெடிட் கணக்க நீ நல்லா புரிஞ்சிக்கணும், ஏன்னா யாரும் இத நமக்கு தமிழ்ல சொல்றதில்ல. நம்ம நாட்டுல அரசாங்கம் 5 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல வெளிநாட்டுல வாங்குனா விக்கிறவங்க இங்க ஏதாச்சும் செய்யணும்னு விதி, அதுக்கு ஐசிபின்னு, அதாவது தொழில் ஒத்துழைப்பு திட்டம்னு பேரு, டிடிஏன்னு ஒரு அரசாங்க ஏஜென்சி பாத்துக்குது. விக்கிறவங்க போடற செலவு ஒண்ணு, கணக்குல எழுதற கிரெடிட் இன்னொண்ணு, தொழில்நுட்பம் குடுத்தா இத்தன மடங்குன்னு பெருக்கி எழுதுவாங்க. பெருக்கறது தப்பு இல்ல, நல்ல விஷயத்துக்கு கூட குடுத்தாத்தான் அவங்களும் நல்ல விஷயத்த கொண்டாருவாங்க. ஆனா பத்து வருஷம் கழிச்சி அந்த ட்ரெய்னிங் எடுத்தவன் எங்க இருக்கான், அதே வேலை செய்யறானா, அவன்கிட்ட கத்துக்கிட்டவன் யாருன்னு எண்ணி பாத்து அதுக்கப்பறம் கிரெடிட்ட முடிங்கன்னுதான் நான் சொல்றேன். பாராளுமன்றத்துல விமானம் எத்தன, வெல எவ்வளவுன்னு கேக்குறாங்க. ஆளு எங்கன்னு கேக்கணும். கொரியா ஆள கணக்கு வச்சிச்சு, அதான் விஷயம்.

இங்க ஒண்ணுமே நிக்கலன்னும் நான் சொல்ல மாட்டேன். மலாக்கா பத்து பெரெண்டாம்ல இருக்கற சிடிஆர்எம்ங்கிற விமான பாக கம்பெனி 1990ல ஆரம்பிச்சது, இன்னைக்கு ஏர்பஸ் இறக்கைக்கு பாகம் செய்யுது. 2005ல நாம ஏர்பஸ்கிட்ட 4 ஏ400எம் ராணுவ சரக்கு விமானம் ஆர்டர் குடுத்தப்ப அந்த விமானத்துக்கான பாக வேலையும் நம்ம நாட்டுக்கு வந்துச்சு. ஆர்டர் தொடர்ந்து வந்த எடத்துல கை நின்னுச்சு.

நம்ம நாடு விக்குமான்னு கேட்டிருக்க. அது இப்ப கேள்வியே இல்ல, மொதல்ல ஒழுங்கா வாங்கக் கத்துக்கட்டும். லூமுட் கப்பல பத்தியும் நான் நீட்டி எழுத மாட்டேன், 6 கப்பல், 900 கோடி வெள்ளி ஒப்பந்தம், 600 கோடி குடுத்தும் ஒண்ணும் வந்து சேரலன்னு 2022ல பிஏசி, அதாவது பாராளுமன்றத்தோட பொதுக் கணக்குக் குழு, அறிக்கை சொல்லிருச்சு. ஃபேஸ்புக்ல கத்தறத விட்டுட்டு அந்த அறிக்கைய எடுத்து படி.

அம்மாகிட்ட எதுத்து பேசாத. அவங்க சொல்றதுல ஞாயம் இருக்கு, நீ செய்யற பாகம் யாரு தலையில குண்டு போடப் போவுதோங்கிற பயம் ஒரு தாய்க்கு வரணும். அதனால பாகம் எந்த விமானத்துக்கு, எந்த நாட்டுக்கு போவுதுன்னு கம்பெனியில கேளு. ராணுவத்துக்கும் பயன்படற சாமான் நம்ம நாட்டுலேர்ந்து வெளிய போகணும்னா 2010 ஸ்ட்ராட்டஜிக் டிரேட் சட்டப்படி பெர்மிட் வேணும், அதனால அவங்களுக்கு தெரியாம இருக்காது, சொல்ல மாட்டேன்னா அந்த வேலை வேணாம். தெரிஞ்சத அம்மாகிட்ட மறைக்காம சொல்லு, அதுக்கு மேல அவங்க வேணாம்னா நான் நடுவுல வர மாட்டேன்.

வேலைக்கு சேர்றதா இருந்தா இண்டர்வியூவுல சம்பளத்துக்கு முன்னாடி, எந்த மிஷின்ல வேலை, அந்த மிஷின் இப்ப ஃபேக்டரியில இருக்கா இல்ல வரப்போவுதா, ட்ரெய்னிங் முடிஞ்சா கையில குடுக்கற சர்டிபிகேட் வேற கம்பெனியிலயும் செல்லுமான்னு வாய் தொறந்து கேளு, தல குனிஞ்சி எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லிட்டு வராத. ட்ரெய்னிங்குக்கு பாண்ட் கேப்பாங்க. எத்தன வருஷம், நடுவுல போனா எவ்வளவு கட்டணும்னு படிச்சிட்டு, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு காப்பி அனுப்பு, இந்த விஷயம் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் செந்தூல்ல இருக்காரு, காட்டி கேட்டு சொல்றேன்.

அன்புடன்
அக்கா