கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: மாங்கூழ் ஆலையில் வேலை. சர்வரின் நெட்வொர்க் கார்டுக்கு யூஇஎஃப்ஐ ஷெல் (விண்டோஸ் போன்றவை கிளம்பும் முன்பே கட்டளை அடிக்கும் திரை) வழியாக ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஏற்றச் சொன்னார்கள். பென்டிரைவ் செருகியும் 'ஷெல்>' என்றே நிற்கிறதே?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: நிற்கவில்லை ஐயா, உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கிறது. பென்டிரைவின் ஃபார்மட் ஃபேட்32 தானே? என்டிஎஃப்எஸ் என்றால் பெரும்பாலும் ஷெல்லின் கண்ணில் படாது. 'மேப் -ஆர்' என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் எஃப்எஸ்0, எஃப்எஸ்1 என டிரைவ்களின் வரிசை வரும். 'எஃப்எஸ்0:' அடித்து என்டர். கடைசி முக்காற்புள்ளி முக்கியம். அதை விட்டுவிட்டு அரை மணி நேரம் முழித்தவன் நான். பிறகு 'எல்எஸ்' போட்டுக் கோப்புப் பட்டியலைப் பார்த்து, ஃபர்ம்வேர் கோப்பு இல்லையென்றால் எஃப்எஸ்1-ஐப் பாருங்கள்.

ஒரே சிப் என்று நம்பி வேறு கம்பெனிக் கோப்பை ஏற்றாதீர்கள். சர்வரோடு வந்த கார்டுக்கு சர்வர்காரர் தரும் கோப்புதான். பழைய பதிப்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

தருமபுரியில் ஒரு மில்லில் பாதி ஏற்றும்போது கரண்ட் போனது. கார்டு அதோடு சரி. யுபிஎஸ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள், அதுவும் மாங்காய் வரத்து நாளில்!

முடிந்ததும் வெறும் ரீஸ்டார்ட் போதாமல் போகலாம். அணைத்தாலும் கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். பவர் கேபிளையே பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள். இதற்காக 'செக்யூர் பூட்' என்ற, நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்ப விடும் பாதுகாப்பை நிறுத்தியிருந்தால் திரும்பப் போடுங்கள்.