பாட்டு வருகிறது, ஜெபம் வரவில்லை

அன்புள்ள மேடம்,

எனக்கு 47 வயது. பள்ளி ஆசிரியை. எங்களுடையது நாலைந்து தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். மாமனார் உபதேசியாராக இருந்தவர். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கோயில்தான் என் உலகம். பாடகர் குழுவில் பாடுகிறேன். பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். ஓய்வுநாள் பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி எல்லாம் என் பொறுப்பு. அசனப் பண்டிகைக்கு எத்தனை மூட்டை அரிசி போட வேண்டும் என்பதைக்கூட என்னிடம்தான் கேட்பார்கள்.

போன கிறிஸ்துமஸ் லீவில் மகள் வந்திருந்தாள். பெங்களூரில் படிக்கிறாள். ஒரு ராத்திரி சமையலறையில் நின்றுகொண்டு கேட்டாள்: "அம்மா, நீங்க தனியா ஜெபம் பண்ணும்போது என்ன பேசுவீங்க?" "எல்லாருக்காகவும்தான் ஜெபிப்பேன்" என்றேன். "அது சரி, நீங்க என்ன பேசுவீங்க?" என்று மறுபடியும் கேட்டாள். பால் பொங்குகிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன்.

உண்மை என்னவென்றால், நான் தனியாக ஜெபித்தே வருடக்கணக்கில் ஆகிறது. கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால் பத்து நிமிடம் தடங்கல் இல்லாமல் ஜெபிப்பேன். "அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகத் தகப்பனே" என்று ஆரம்பித்துவிட்டால் மீதி தானாக ஓடும். வேதமும் அட்டவணைப்படி டிக் அடித்து வாசித்துவிடுகிறேன். முன்பெல்லாம் திருவிருந்து எடுக்கும்போது கண் கலங்கும். இப்போது அங்கே முழங்காலில் நின்றுகொண்டு அடுத்து எந்தப் பாட்டு என்று யோசிக்கிறேன். உள்ளே ஒன்றுமே இல்லை மேடம். வெளியே யாருக்கும் தெரியவும் இல்லை.

வாழ்க்கையில் கஷ்டம் இல்லாமல் இல்லை. 2021 மே மாதம் கொரோனாவில் என் தம்பி இறந்துபோனான். சபையே ஆள் மாற்றி ஆள் இடைவிடாமல் சங்கிலி ஜெபம் செய்தது. ஆனாலும் கர்த்தருடைய சித்தம் அப்படி. கோயில் திறந்த பிறகு ஆராதனையில் எழுந்து நின்று, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சாட்சி சொன்னேன். போதகர் ஐயா அடுத்த வாரப் பிரசங்கத்தில் என் விசுவாசத்தைப் பற்றிப் பேசினார். அதற்கப்புறம்தான் சங்கச் செயலாளர் பொறுப்பும் வந்தது. அதையெல்லாம் தைரியமாகக் கடந்து வந்துவிட்டேன்.

சென்னையில் இருக்கும் அக்கா பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள். "நீங்க எல்லாம் பாரம்பரியக் கிறிஸ்தவங்க. வெளிப்படுத்தின விசேஷத்துல வர்ற லவோதிக்கேயா சபை மாதிரி குளிரும் இல்ல, அனலும் இல்ல. முதல்ல அங்க இருந்து வெளிய வா" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் சபையில் அனல் பறப்பது திருமண்டலத் தேர்தல் (பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகத் தேர்தல்) வரும்போது மட்டும்தான். போன தேர்தலில் அணி பிரிந்ததிலிருந்து என் கணவரின் அண்ணன் குடும்பத்தோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு வீட்டாரும் ஒரே வரிசையில் முழங்கால்படியிட்டுத் திருவிருந்து எடுப்போம், முகம் பார்க்க மாட்டோம். அது பெரிய கதை, விடுங்கள்.

நான் பேர்க் கிறிஸ்தவளாகிவிட்டேனா? இல்லை, இது மன அழுத்த நோயா? தூக்கம், சாப்பாடு சரியாகத்தான் இருக்கிறது. வகுப்பெடுப்பது இன்றும் பிடிக்கிறது. அக்கா சொல்வதுபோல் சபை மாறிவிடலாமா?

பெயர் வேண்டாம். தென் மாவட்டத்து வாசகி.

*

அன்புள்ள சகோதரிக்கு,

மன அழுத்த நோயா என்று கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த நோய் பொதுவாக எல்லாவற்றிலும் ருசியை எடுத்துவிடும். கோயிலை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்காது. தூக்கமும் பசியும் வகுப்பறையும் நன்றாக இருக்கும்போது நான் அந்தப் பக்கம் அவ்வளவாகப் போகமாட்டேன். கடிதத்தை வைத்து முடிவாகச் சொல்லவும் முடியாது. இனிமேல் தூக்கம் கெட்டால், எதிலும் பிடிப்பு இல்லாமல் வாரக்கணக்கில் இழுத்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். களைப்பும் இருந்தால், உங்கள் வயதில் தைராய்டும் ரத்த அளவும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. "ஜெபித்தால் சரியாகிவிடும்" என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள்.

சரி, உங்கள் தம்பியிடம் வருகிறேன்.

அவனுக்கு உங்கள் கடிதத்தில் கிடைத்த இடம் மிகக் குறைவு. அவன் எப்படிப்பட்டவன், உங்களுக்கும் அவனுக்கும் எத்தனை வயது வித்தியாசம், கடைசியாக என்ன பேசினீர்கள், எதுவும் இல்லை. அந்த மே மாதத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு முகம் பார்த்து அடக்கம் செய்யவே கொடுத்துவைக்கவில்லை. உங்களுக்குக் கொடுத்துவைத்ததா என்றும் தெரியவில்லை. "இறந்துபோனான்" என்று எழுதிய கையோடு சங்கிலி ஜெபம், கர்த்தருடைய சித்தம், சாட்சி, பிரசங்கம், பதவி என்று போய்விட்டீர்கள். தனி ஜெபம் எப்போது நின்றது என்று நீங்கள் சொல்லவில்லை. என் ஊகம், அதற்கப்புறம்தான். தப்பாக இருந்தால் எழுதுங்கள்.

நீங்கள் சாட்சியில் சொன்ன வசனம் யோபு முதல் அதிகாரத்தில் வருகிறது. அந்தப் புத்தகத்தில் 42 அதிகாரங்கள் இருக்கின்றன. நம் துக்க வீடுகளில் முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். மூன்றாம் அதிகாரத்திலேயே அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அப்புறம் அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு வழக்காடுகிறார். கடவுள் பக்கம் நின்று ஒழுங்காகப் பேசுகிறவர்கள் அவருடைய சிநேகிதர்கள்தான். கடைசியில் கடவுள் யாரைக் கடிந்துகொள்கிறார்? "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று அந்தச் சிநேகிதர்களிடம்தான் கோபப்படுகிறார்.

உங்களுக்கு முதல் அதிகாரம் மட்டும் அனுமதிக்கப்பட்டது. மற்றதைச் சொல்ல நேரமே கொடுக்கவில்லை. சபை உங்கள் துக்கத்தைப் பாராட்டி முடித்துவைத்துவிட்டது என்றுதான் சொல்வேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டார்கள். ஆனால் விசுவாசமுள்ள பெண் என்று பெயர் வாங்கியபின் அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டிய வேலை வந்து சேர்கிறது. மற்றவர்கள் முன்னால் மட்டும் அல்ல, கடவுள் முன்னாலும். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க முடியாத ஒருவரிடம் தனியாக உட்கார்ந்து என்ன பேச முடியும்? அரிசி மூட்டைக் கணக்கு எவ்வளவோ சுலபம்.

கடவுள்மேல் கோபம் பற்றி அமெரிக்க உளவியலாளர் ஜூலி எக்ஸ்லைன் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். அப்படிக் கோபம் வருவது அபூர்வம் அல்ல, கோபமும் அன்பும் ஒரே மனதில் சேர்ந்தே இருக்கலாம் என்பது அந்த ஆய்வுகளில் தெரிகிறது. என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களிடமும் இதைப் பார்க்கிறேன். கோபப்பட்டுக் கத்துகிறவர்களைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. கோபமே இல்லை, எல்லாம் தேவ சித்தம் என்று முகம் மாறாமல் சொல்கிறவர்களிடம்தான் கூடுதல் நேரம் உட்காருகிறேன்.

அதனால் உங்களுக்கு ஒரே ஒரு வேலை தருகிறேன். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, சத்தமாக, உங்கள் தம்பியைப் பற்றிக் கடவுளிடம் பேசுங்கள். "பரலோகத் தகப்பனே" என்று மேடைத் தமிழில் ஆரம்பிக்காதீர்கள். அது உங்களுக்கு வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அடுப்படியில் மகளிடம் பேசுகிற பேச்சில் பேசுங்கள். "ஏன் அப்படிச் செஞ்சீரு? அத்தனை பேரு கேட்டோமே, காது கேக்கலியா?" என்று வந்தால் வரட்டும். இது தேவதூஷணம் இல்லையா என்று பயம் வந்தால் 13ஆம் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் தாவீது தொடங்குகிறார். 88ஆம் சங்கீதம் இன்னும் கடுமையானது. ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் தூக்கி எறியாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். கண்ணீர் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். ஒன்றும் வரவில்லை என்பதையும் அவரிடமே சொல்லுங்கள்.

மகள் மறுபடியும் கேட்டால் மழுப்ப வேண்டாம். "கொஞ்ச வருஷமா பேச முடியல, மாமா போனதுக்கப்புறம் இப்படித்தான் இருக்கு" என்று சொல்லலாம். கேள்வி கேட்கிற விதத்தைப் பார்த்தால் அவளுக்கும் உள்ளே ஏதோ ஓடுகிறது.

இப்போது அக்கா. அவர் சொன்ன லவோதிக்கேயா இன்றைய துருக்கியில் இருந்த ஊர். பணப் புழக்கம், கறுப்புக் கம்பளி, கண் மருந்து இவற்றுக்குப் பெயர் போனது. கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது ரோமின் உதவி இல்லாமல் தன் சொந்தப் பணத்திலேயே திரும்பக் கட்டிக்கொண்டது. பக்கத்து ஊரான எராப்போலியில் வெந்நீர் ஊற்று, கொலோசெயில் குளிர்ந்த நீர். இந்த ஊருக்கு வாய்க்கால் வழியாக வந்தது இரண்டுங்கெட்டான் தண்ணீர் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் குளிர்ந்த தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். கூச்சலும் கண்ணீரும் இருந்தால் அனல், அமைதியாக இருந்தால் வெதுவெதுப்பு என்று அளக்கிற கணக்கு அங்கே இல்லை. அந்தச் சபைமேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு, "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று அது சொல்லிக்கொண்டது. அந்தக் குரலை நம் சபைகளின் ஆண்டறிக்கைகளில் நன்றாகக் கேட்கலாம்: புது காம்பவுண்டு சுவர், குளிர்சாதன வசதி, காணிக்கை வரவு போன வருடத்தைவிட அதிகம். துக்கத்தில் இருந்த ஒரு சகோதரியை விசாரிக்க மறந்தோம் என்று எந்த அறிக்கையிலும் வராது.

ஆகவே உங்களுக்குள் இருக்கிற வறட்சியை அந்த வெதுவெதுப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அன்னை தெரசா சுமார் 50 வருடங்கள் இப்படியொரு வறட்சியில் இருந்தார் என்பது அவருடைய கடிதங்கள் 2007இல் புத்தகமாக வெளியானபோது பரவலாகத் தெரிந்தது. (இப்போதெல்லாம் பலர் இதை வசதியான சாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அவர் அதை வழிகாட்டிகளிடம் மறைக்காமல் எழுதினார் என்பதை விட்டுவிடுகிறார்கள்.) நீங்களும் யாராவது ஒருவரிடம் சொல்லவேண்டும். உங்கள் சேகரத்துக்குள் (உள்ளூர்ச் சபை வட்டாரத்துக்குள்) வேண்டாம், அங்கே அது ஜெபக் குறிப்பாகி ஊரெல்லாம் சுற்றிவிடும். வேறு ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஐயா, பழைய சிநேகிதி, ஓர் ஆலோசகர், யாராக இருந்தாலும் சரி.

சபை மாறுவது பாவம் அல்ல. அக்காவுக்கு அங்கே உண்மையிலேயே நன்மை கிடைத்திருக்கலாம். ஆனால் இப்போதே மாறாதீர்கள். நாலாம் நூற்றாண்டில் எகிப்து பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இந்த ஆவிக்குரிய சோர்வைத் துல்லியமாக எழுதிவைத்திருக்கிறார். பொழுதே நகராதாம், இருக்கிற இடம் கசக்குமாம், கூட இருக்கும் சகோதரர்களிடம் அன்பே இல்லை என்று தோன்றுமாம், வேறு இடத்துக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனசு சொல்லுமாம். நீங்கள் போனாலும் தம்பியைப் பற்றிய அந்தக் கேள்வி கூடவே வரும். புது இடத்தில் நன்றாகப் பாடுகிறவர் என்று தெரிந்ததும் ஒரே மாதத்தில் பொறுப்பும் கொடுத்துவிடுவார்கள்.

இருக்கிற பொறுப்புகளில் சங்கச் செயலாளர் பதவியை விட்டுவிடுங்கள். குடும்பக் காரணம் என்று சொன்னால் போதும். பாட்டை விடவேண்டாம். ஜெபிக்க முடியாத நாட்களில் மற்றவர்கள் எழுதிவைத்த வரிகளைப் பாடுவதும் ஒரு பிடிமானம்தான்.

கடைசியாக, "பெரிய கதை, விடுங்கள்" என்று எழுதினீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. ஜெபம் வராததற்கு இத்தனை வரி வருத்தப்பட்ட நீங்கள், ஒரே இரத்தமான இரண்டு குடும்பம் முகம் பார்க்காமல் ஒரே அப்பத்தில் பங்கெடுப்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். நீங்கள் சபையில் தேடுகிற மெத்தனம் உங்களிடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னதை நீங்களே ஓய்வுநாள் பள்ளியில் கற்றுக்கொடுத்திருப்பீர்கள்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும். ஜெப விஷயத்தில் நான் உங்களை எதுவும் உணரச் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. உணர்ச்சி வந்தபின் போகலாம் என்று காத்திருந்தால் அடுத்த தேர்தலே வந்துவிடும்.

ஆண்கள் இருவரும் முதலில் யார் பேசுவது என்று நிற்பார்கள். நீங்கள் அந்த வீட்டு அக்காவிடமிருந்து ஆரம்பியுங்கள். பிள்ளைகள் பிறந்தநாளோ உடம்பு சரியில்லை என்ற செய்தியோ ஒரு சாக்குக் கிடைக்காமலா போகும். தேர்தலில் யார் செய்தது சரி என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். கணவர் வரமாட்டேன் என்றால் நீங்கள் தனியாகப் போய்வாருங்கள். ஆனால் அவருக்குத் தெரியாமல் வேண்டாம், சொல்லிவிட்டே போங்கள்.