எலும்பும் தோலுமாக வந்த பாம்பு: கேள்வி பதில்

கே: வளர்த்தவர் கவனிக்காமல் விட்ட பால் பைத்தான் (மலைப்பாம்பில் ஒரு வகை) ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்தி நிற்கிறது. இன்றே ஒரு பெரிய எலி கொடுக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். பாவம் பார்த்து வயிறு நிறையப் போட்டால் அதுவே எமனாகிவிடும். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று பெரிய இரை இறங்கினால், ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் மளமளவென்று செல்களுக்குள் போய்விடும், இதயம் தடுமாறும். உடம்பில் சூடு இல்லாவிட்டால் செரிமானமும் நடக்காது, விழுங்கியது வயிற்றிலேயே அழுகும்.

முதலில் கூண்டைச் சரிசெய்யுங்கள். ஒரு பக்கம் 31-32 டிகிரி செல்சியஸ், மறு பக்கம் 25-26, இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் பேடு (சூடேற்றும் விரிப்பு) போடாதீர்கள். வயிறு வெந்தாலும் நகராமல் அதன்மேலேயே படுத்துக் கிடக்கிற பிராணி இது. அப்புறம் தண்ணீர். ஒரு வாரமாவது உடம்பில் ஈரம் ஏறட்டும். அதற்குப் பிறகுதான் இரை, அதுவும் வழக்கமான அளவில் கால்பங்கு: உறையவைத்து, இளக்கி, வெதுவெதுப்பாக்கிய எலிக்குஞ்சு. தலை தூக்கவே தெம்பில்லை என்றால் இது வீட்டு வைத்தியம் இல்லை, மருத்துவர் குழாய் வழியாக ஊட்ட வேண்டியது.

(பெயரில் இருக்கும் 'பால்' பந்துதான். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்துவிடாதீர்கள்!)

கே: உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

ப: விலாப்பக்கத் தோலை மெதுவாகக் கிள்ளி விடுங்கள். மடிப்பு அப்படியே நின்றால் நீர் போதாது. கண் குழிவிழுந்திருக்கும், வாயில் எச்சில் நூல்நூலாக இழுக்கும். 28-30 டிகிரித் தண்ணீரில், உடம்பு பாதி மட்டும் மூழ்கும்படி 15 நிமிடம் விடுங்கள். பக்கத்தை விட்டு நகராதீர்கள். தெம்பில்லாத பாம்பு கையகல நீரிலும் மூழ்கும்.

கே: சட்டை முழுதாக உரியவில்லை. கண்மேலும் ஒட்டியிருக்கிறது. ட்வீசரால் எடுக்கலாமா?

ப: கண்ணைத் தொடாதீர்கள். பழைய படலம் என்று நினைத்து உயிருள்ள படலத்தைப் பிடுங்கினால் கண்ணே போய்விடும். கூண்டில் ஈரப்பதத்தைக் கூட்டுங்கள், அநேகமாக அடுத்த சட்டையோடு வந்துவிடும். வராவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது வால் நுனிக்குத்தான். என்னிடம் வந்த ஒரு கார்ன் பாம்புக்கு, மூன்று முறை உரித்த சட்டையும் வால் நுனியில் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகியிருந்தது. ஈரத் துண்டில் அரை மணி நேரம் சுற்றிவைத்து, நனைந்த பஞ்சால் நுனியை நோக்கித் தள்ளத் தள்ள, மோதிரம் கழல்வது மாதிரி வந்தது. ஆனால் ரத்தம் ஓடாமல் அடியில் கறுத்துப்போயிருந்த நுனி பிழைக்கவில்லை.

கே: தண்ணீர்க் கிண்ணத்தில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றன.

ப: சிற்றுண்ணி. கண்ணோரத்திலும் தாடைக்கடியிலும் பாருங்கள். தரைவிரிப்பை எல்லாம் வீசிவிட்டு வெள்ளை டிஷ்யூ விரியுங்கள். வேறு பாம்புகள் இருந்தால் இதை 3 மாதம் தனி அறையில் வையுங்கள். மருந்து மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும்.

கே: மூச்சில் விசில் சத்தம், வாயோரம் குமிழி. சூடு கொடுத்தால் போதுமா?

ப: போதாது. பாம்புக்கு நம்மைப் போல் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: முதல் குஞ்சை மூன்றாம் நாள் கக்கிவிட்டது. மறுபடி கொடுக்கட்டுமா?

ப: தண்ணீர் மட்டும் வைத்து 10-14 நாள் பொறுங்கள். சூடு சரியாக இருக்கிறதா, இரை தின்ற இரண்டு நாளுக்குள் யாராவது கையில் எடுத்தார்களா என்று பாருங்கள். அடுத்த முறை இதைவிடச் சின்னதாகக் கொடுங்கள். அதையும் கக்கினால் மருத்துவர்தான்.

கே: எடை ஏறியது மாதிரித் தெரிகிறது. இனி கையில் எடுத்துப் பழக்கலாமா?

ப: 'மாதிரி' வேண்டாம், வாரம் ஒரு முறை தராசில் வைத்து கிராம் கணக்கில் எழுதி வையுங்கள். நான்கைந்து இரை கக்காமல் உள்ளே தங்கட்டும், அப்புறம் எடுங்கள்.