பயிற்சியே நடத்தாமல் பாதுகாப்புப் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அரசுப் பணிமனையில் பயிற்சி கட்டாயமா, கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். போட்டுவிட்டு அனுபவித்தவன் சொல்கிறேன்.

நீங்கள் புதிதாகச் சேர்ந்தவராக இருப்பீர்கள். தகுதிகாண் பருவம் முடியாத பயம். புரிகிறது.

நான் ஒரு பஸ் டிப்போவில் டயர் செக்‌ஷனில் 27 வருஷம் இருந்தேன். அப்போதெல்லாம் 10.00-20 டியூப் டயர். சக்கர டிஸ்கில், டயர் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் இரும்பு வளையமான லாக் ரிங் போட்டுக் காற்றடிப்போம். ரிங் பள்ளத்தில் முழுசாக உட்காராமல் காற்று ஏறினால் தெறிக்கும். அதனால் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் அடிக்க வேண்டும். எங்கள் கூண்டு வெல்டிங் விட்டுப்போய் கம்ப்ரசருக்குப் பின்னால் கிடந்தது. அதன்மேல் துண்டு காயப்போடுவோம். மூத்தவர்கள் டிஸ்க் ஓட்டையில் பாரையைச் செருகி ரிங்கை மறித்துக்கொள்வார்கள். அன்று பாரையை, பஸ்ஸுக்கு அடியில் நின்று பழுது பார்க்கும் குழியில் வேலை பார்த்தவர் எடுத்துப் போயிருந்தார். முதல் வண்டி 4.10-க்கு. அடித்தேன். ரிங் தெறித்துக் கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்தது. போகிற வழியில் என் இடது காறை எலும்பும் போயிற்று.

விசாரணையில் முதலில் மேசைக்கு வந்தது பயிற்சிப் பதிவேடு. 'காற்றடிக்கும் பாதுகாப்பு முறைகளை அறிந்துகொண்டேன்' என்ற வரிக்கு நேரே, மார்ச் 4 பாதுகாப்பு தினத்தன்று டீயைக் கையில் வைத்துக்கொண்டு போட்ட என் கையெழுத்து. ஆக, கவனக்குறைவு என்னுடையதாம்! 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயமென்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும். என் கணக்கில் எழுதியது சாதாரண மருத்துவ விடுப்பு.

எல்லா டிப்போவும் இப்படியென்று சொல்லவில்லை. 'அரசு வேலையைக் குறை சொல்கிறான்' என்று யாரும் கிளம்ப வேண்டாம், அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஆனால் ஷூ மட்டும் எல்லாருக்கும் 9-ம் நம்பரே வரும். என் கால் 7. பழைய துணியைத் திணித்துப் போட்டிருக்கிறேன். சீருடைக்குத் தையல் கூலி கேட்டு அலைந்ததை எழுதினால் இங்கே இடம் போதாது.

கட்டாயமா என்றால், ஆம். 1948 தொழிற்சாலைகள் சட்டம் அரசுத் தொழிற்சாலைக்கும் பொருந்தும் என்று 116-ம் பிரிவே சொன்னது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த, தொழிலாளர் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய புதிய சட்டத்தொகுப்பிலும் பயிற்சி நிர்வாகத்தின் கடமைதான். பாதுகாப்பு அதிகாரியை நியமிப்பது மட்டும் அன்று 1000 தொழிலாளர்கள் இருந்தால்தான் கட்டாயம், இன்று 500. எந்த டிப்போ பணிமனையில் அத்தனை பேர் இருக்கிறார்கள்?

ரொம்ப வற்புறுத்தினால், பெயருக்கு நேரே 'பயிற்சி நடக்கவில்லை' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். அந்தப் பக்கத்தைச் செல்போனில் படமெடுத்து வையுங்கள்.